பிரஷர் மாத்திரை சுண்ணாம்புச் சத்தைக் கரைக்குமா?

"பிரஷர் மாத்திரை போட்டால் உடம்பில் இருக்கும் கால்சியம் எல்லாம் போய்விடுமாமே, நிஜமா சார்?" புதியம்புத்தூருக்கு வந்து குடியேறிய இத்தனை வருடங்களில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட மருத்துவக் கேள்வி இதுதான். நான் மருத்துவன் இல்லை. புதுச்சேரி அரசில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், தடித்த புத்தகமெல்லாம் படித்திருப்பான் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க மனமில்லாமல், கேள்வி கேட்டவர்களுக்காகவே கொஞ்சம் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

(மனைவியின் ஊர் என்பதால் இங்கே வந்தேன். கி.ரா. கரிசலிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் கடைசிவரை அங்கேயே இருந்தார். நான் எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்தேன். எங்கள் இரண்டு பேரில் கரிசலுக்கு லாபம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.)

கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல குலம், பல கோத்திரம் உண்டு. ஒன்று கால்சியத்தை வெளியேற்றும். ஒன்று உள்ளேயே பிடித்து வைக்கும். கால்சியம் என்று பெயரிலேயே இருக்கும் இன்னொன்று ரத்தத்தில் உள்ள கால்சியத்தைத் தொடுவதே இல்லை. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் கதையைப் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தை இன்றைக்கும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்கிறோம். 120/80 என்றால் அவ்வளவு மில்லிமீட்டர் பாதரசத்தைத் தூக்கும் வேகம். இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் ழான் புவாசேய் என்ற பாரிஸ் மருத்துவர். 1828-ல் தன் பட்டத்துக்கான ஆய்வில், விலங்குகளின் ரத்தக் குழாயோடு பாதரசக் குழாயை இணைத்து அளந்தார். அவர் பெயரிலுள்ள விதியை எங்கள் பௌதிக ஆசிரியர் மனப்பாடம் செய்ய வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் மருத்துவர் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் முறை 1896-ல் இத்தாலியில் ரிவா-ரோச்சியிடமிருந்து வந்தது. பட்டைக்குக் கீழே குழல் வைத்துச் சத்தம் கேட்கும் முறையை 1905-ல் ரஷ்யாவின் கொரோட்காஃப் சேர்த்தார்.

இந்தப் பட்டை வருவதற்கு முன்பே, கையை இறுக்கிக் கட்டுவதால் வெளிப்படும் இன்னொரு விஷயத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்துவிட்டார். பாரிஸின் ஓத்தெல்-தியூ மருத்துவமனையில் பேராசிரியராக இருந்த அர்மான் த்ருசோ. அந்தக் காலத்தில் எந்த நோய்க்கும் கை நரம்பைக் கீறி ரத்தம் எடுப்பார்கள். ஒரு பெண்ணுக்கு அப்படிக் கையில் கட்டுப் போட்டபோது, கட்டுப் போட்ட கையின் விரல்கள் தானாக இழுத்துக்கொண்டதை அவர் கவனித்தார். கட்டை அவிழ்த்தால் விட்டுவிடும். மறுபடி கட்டினால் மறுபடி இழுக்கும். 1861 வாக்கில் இதை எழுதினார். கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, மற்ற விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு வளைந்து நிற்கும். பிரெஞ்சில் இதற்கு "மேன் தக்குஷேர்" என்று பெயர். பிரசவம் பார்க்கிறவரின் கை என்று அர்த்தம். நம் ஊரில் மருத்துவச்சி குழந்தையைப் பிடிக்கக் கையைக் குவிப்பது போல என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இந்த இழுப்பு நோய்க்குத் தெத்தானி என்ற பெயரை 1852-ல் லுசியன் கொர்விசார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் டெட்டனி. (துருப்பிடித்த ஆணி குத்தி வரும் டெட்டனஸ் வேறு, பெயர் ஒற்றுமைதான்.) பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வந்ததால் அவர்களின் வாத நோய் என்றும் அன்று சொன்னார்கள். பாலில் கால்சியம் போகிறது, அதனால்தான் இழுக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே அடையாளத்தைச் சரியாகப் பிடித்தவர் த்ருசோ.

காரணம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. முதலாவது லண்டன். சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சரியாகத் துடித்தது. பிறகு பார்த்தால், உதவியாளர் வாலைவடிநீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கரைசல் தயாரித்திருக்கிறார். சுத்தமான வாலைவடிநீரில் கரைத்து வைத்தபோது இதயம் நின்றுவிட்டது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புதான் இதயத்தைத் துடிக்க வைத்தது என்று 1883-ல் எழுதினார். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்த மாதிரிப் பொருள்தான். கரிசலைத் தோண்டினால் கீழே சுக்கான் வருகிற ஊரில் ரிங்கருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இருந்திருக்கலாம், கால்சியப் பஞ்சம் இருந்திருக்காது.

இரண்டாவது இடம் அமெரிக்காவின் பால்டிமோர். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. நாய்களுக்கு அவற்றை எடுத்துவிட்டால் டெட்டனி வருகிறது, ரத்தத்தில் கால்சியம் குறைகிறது, கால்சியம் ஏற்றினால் இழுப்பு நிற்கிறது என்று 1909-ல் மக்கல்லமும் ஃபோக்ட்லினும் காட்டினார்கள். த்ருசோ பார்த்த கை இழுப்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் அன்றுதான் முடிச்சு விழுந்தது.

இனி மாத்திரைக்கு வருவோம். ரத்தக் கொதிப்புக்கு உலகம் ஏற்றுக்கொண்ட முதல் மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர். 1949-ல் மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது தனிக் கதை. கால்சியக் கதை தொடங்குவது நீர் மாத்திரைகளில்தான்.

முதல் நல்ல நீர் மாத்திரை குளோரோதயசைடு, 1950களின் கடைசியில் அமெரிக்காவின் மெர்க் கம்பெனியிலிருந்து வந்தது. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தது. இன்று நம் மருந்துச் சீட்டுகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று வருவது அதன் உறவுக்காரர்கள். உப்பு போகும்போது கால்சியமும் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1959-ல் பின்லாந்தில் லாம்பெர்க், குல்பேக் என்ற இருவர் அளந்து பார்த்தால் தலைகீழ்: இந்த மாத்திரை போட்டவர்களின் சிறுநீரில் கால்சியம் குறைந்தது. அதாவது உடம்பிலேயே தங்கியது. அதை வைத்துக் கனடாவின் யெண்ட் என்ற மருத்துவர் சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கே இந்த மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினார். இதைப் போடுகிறவர்கள் தாமாகவே கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்; ரத்தத்தில் கால்சியம் கூடிவிடலாம். வெற்றிலையோடு தினமும் நிறையச் சுண்ணாம்பு தடவிப் போட்டதாலேயே ரத்தத்தில் கால்சியம் ஏறியவர்களைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் கவனிக்க.

அடுத்து 1960களின் நடுவில் ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி ஃபுரோசமைடு என்ற மருந்தைக் கொண்டுவந்தது. லாசிக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களை, சிறுநீரகம் கெட்டு உடம்பு வீங்கியவர்களை இது பிழைக்க வைத்திருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இது சிறுநீரகத்தில் வேலை செய்யும் இடம் வேறு. கால்சியமும் மக்னீசியமும் திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கப்படும் வளைவான குழாய்ப் பகுதியிலேயே இது வேலை செய்வதால், இரண்டும் சிறுநீரோடு போய்விடுகின்றன. ஹூஸ்டனைச் சேர்ந்த வாடி சுகியும் அவரோடு இருந்தவர்களும் 1970-ல், புற்றுநோய் போன்றவற்றால் கால்சியம் அபாயகரமாக ஏறியவர்களுக்கு இதையே பெரிய அளவில் ஊசியாகக் கொடுத்து இறக்கிக் காட்டினார்கள். 80 முதல் 100 மில்லிகிராம், ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கூடவே இழந்த உப்பையும் நீரையும் ஏற்றினார்கள். அந்தச் சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் மற்றொரு குழு கட்டுரை எழுதியது. இன்று அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் நம் கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. கால்சியத்தை இறக்குவதற்கென்றே பயன்படுத்திப் பார்த்த மருந்து இது.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கால்சியம் கொஞ்சம் குறைந்ததும் கழுத்துச் சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது; அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் ஓடுவது சொற்பம். ஆனால் வைட்டமின் டி இல்லாதவர்களுக்கும், தைராய்டு அறுவைச் சிகிச்சையில் அந்தச் சுரப்பிகள் அடிபட்டவர்களுக்கும், மக்னீசியம் குறைந்துபோனவர்களுக்கும் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. மக்னீசியம் இல்லாவிட்டால் சுரப்பி விழிக்காது. அவர்களுக்குத்தான் லாசிக்ஸ் ஆபத்தாக முடிகிறது.

வெயில் கொளுத்தும் எங்கள் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பீர்கள். 2000-ல் தில்லி எய்ம்ஸின் ரவீந்தர் கோஸ்வாமி, தில்லி வெயிலில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்கே வைட்டமின் டி குறைவு என்று காட்டினார். பகலெல்லாம் ரெடிமேட் கம்பெனியில் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும், முழங்கால் வலியால் வாசல்படி தாண்டாத வயதான பெண்களும் வெயிலை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். சாப்பாடும் மாறிவிட்டது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் கால்சியம் என்று நம் பழைய உணவு அட்டவணை சொல்கிறது. கரிசலின் பெருமையான கம்பில் 42தான். கம்மங்கஞ்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். அதில் வேறு சத்துகள் உண்டு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடு இந்தப் பக்கத்துக்கு ஒரு வரம்.

சரி, அம்லோடிபின். ஊரில் அதிகம் பேர் போடுவது இதைத்தான். பயமும் இதன் மேல்தான். 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் என்ற பேராசிரியர், சில மருந்துகளைக் கொடுத்தால் இதயத் தசை ரிங்கரின் தவளை இதயம் போல, கால்சியம் இல்லாத தண்ணீரில் வைத்தது மாதிரி, தளர்வதைப் பார்த்தார். அந்த மருந்துகளுக்குக் கால்சியத்தின் எதிரி என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். பின்னால் அது கால்சியம் சேனல் பிளாக்கர் ஆயிற்று. அந்த வம்சத்தில் பிறந்ததுதான் அம்லோடிபின். 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயரைக் கேட்டால் யாருக்கும் கால்சியத்தை அடைத்துவிடும், ஒழித்துவிடும் என்றுதான் தோன்றும். ஓட்டப்பிடாரம் பக்கத்து விவசாயிக்கு நான் இப்படிச் சொல்வேன்: ரத்தம் கண்மாய், கால்சியம் அதில் உள்ள தண்ணீர். ரத்தக் குழாய்ச் சுவரின் தசை வயல். வயலுக்குப் போகும் மடையை அம்லோடிபின் பாதி மூடுகிறது. வயல் அதிகம் நனையாததால் தசை முறுக்கிக்கொள்ளாமல் தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கண்மாயின் தண்ணீர் அப்படியே இருக்கிறது. லாசிக்ஸ் கண்மாய்க் கரையையே உடைத்துவிடுகிற சாதி.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார். அதன் பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் தன்னார்வலர் பிரஷர் கருவியோடும் மாத்திரையோடும் வருகிறார். அவர் கொடுத்த அம்லோடிபினை அலமாரியில் அடுக்கி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டர், அறுபது தாண்டியவர். "எலும்பை உருக்குகிற மாத்திரையாம் சார், செல்போனில் வந்தது" என்றார். நான் கண்மாய்க் கதையைச் சொன்னேன். தலையாட்டினார். போடவில்லை. நாலு மாதம் கழித்து அளந்தபோது 190/110. அன்று இரவே வலது கையும் வாயும் கோணின. பிழைத்துக்கொண்டார். கத்தரி மட்டும் இன்னும் அந்தக் கைக்கு நிற்கவில்லை. வெட்டு மேசையில் மகன் நிற்கிறான். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இத்தோடு, வதந்தி பொய் என்று முடித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்ததால் முடியவில்லை.

மனைவியின் அக்கா, மதினி, எழுபத்தாறு வயது. ஐந்து வருடமாக அம்லோடிபின். அந்த மாத்திரையால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். விரிந்த குழாயிலிருந்து நீர் கசிவதுதான் காரணம். மதினிக்கும் வீங்கியது. வேறொரு ஊரில் காட்டியபோது வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஃபுரோசமைடு. இவர்களும் மூன்று வருடம் விடாமல் போட்டார்கள். ராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி, வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். போன வருடம் தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நர்ஸ் கையில் பட்டை கட்டிக் காற்றடித்தார். உள்ளே யாரோ கூப்பிட, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நிமிடம் இருக்கும். "தம்பி, கையைப் பாருங்க" என்றார் மதினி. கட்டைவிரல் உள்ளே போய், நாலு விரலும் குவிந்து, மணிக்கட்டு வளைந்து நின்றது. நான் எங்கோ படித்திருந்த மேன் தக்குஷேர். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பட்டையை அவிழ்த்தார். ஒன்றும் பேசாமல் பரிசோதனைச் சீட்டு எழுதினார். கால்சியம் 6.8. வைட்டமின் டி, மக்னீசியம் இரண்டும் குறைவு.

அவர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து ஒவ்வொன்றும் எப்போது, எதற்காகத் தொடங்கியது என்று கேட்டார். அலுவலகத்தில் பழைய கோப்பைப் பின்பக்கத்திலிருந்து படிப்போமே, அது போல. அம்லோடிபின் வந்ததால் வீக்கம். வீக்கத்தால் நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் கால்சியம் போனது. அடுத்து யாராவது குரக்களிக்கு ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள் என்றார். அம்லோடிபினை நிறுத்தி வேறு வகை பிரஷர் மாத்திரை கொடுத்தார். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு லாசிக்ஸை நிறுத்தினார். வைட்டமின் டி, கால்சியம், மக்னீசியம் மூன்றும் கொடுத்தார். கால் வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தது.

இப்படி ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று எண்ணி அடுத்த மருந்து எழுதுவதை, மருந்துச் சங்கிலி என்ற பொருளில் பவுலா ரோச்சன், ஜெரி குர்விட்ஸ் என்ற இருவர் 1990களிலேயே பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். 2020-ல் ரோச்சனும் ரேச்சல் சாவேஜும் மற்றவர்களும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். அம்லோடிபின் வகையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, வேறு பிரஷர் மாத்திரை தொடங்கியவர்களைவிட, சில மாதத்துக்குள் லாசிக்ஸ் வகை நீர் மாத்திரை அதிகமாகச் சேர்ந்திருந்தது. மதினிக்கு நடந்தது அங்கேயும் பலருக்கு நடந்திருக்கிறது.

ஆக, செல்போனில் வந்த செய்திக்கும் கோணல்மாணலாக ஒரு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்லோடிபின் கால்சியத்தைக் குறைப்பதில்லை. அது வரவழைத்த வீக்கத்துக்காக வந்த மாத்திரை குறைக்கலாம். கட்டிங் மாஸ்டரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, "பார்த்தீங்களா சார்" என்பார்.

ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்கிறவர்களுக்கு ஒன்று. கால்சியம் சாதாரணமாக 8.5 முதல் 10.5 வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். 8.1 என்று பார்த்ததும் பதற வேண்டாம். ரத்தத்தில் கால்சியத்தின் பாதி அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிப் போகிறது. வயதானவர்களுக்கு, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு அல்புமின் குறைந்திருக்கும். அதனால் மொத்தக் கணக்கும் குறைவாகத் தெரியும். அல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு ஒன்றுக்கும் 0.8 கூட்டிப் பார்ப்பது டாக்டர்களின் பழைய வழக்கம். 8.1 கால்சியம், 3 அல்புமின் என்றால் கூட்டினால் 8.9. மதினிக்கு அல்புமின் 3.8 இருந்தது. கூட்டிப் பார்த்தும் 7-ஐத் தாண்டவில்லை.

சர்ப்பகந்தா வேர் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.